எந்த ஓ.எஸ். போடலாம், தாத்தா?

ஏன்டா பேராண்டி, அம்பத்தூர் எஸ்டேட்ல பட்டறை வெச்சு லேத்து ஓட்டுறவன் நீ. பத்துப் பேருக்கு மாசம் பொறந்தா சம்பளம் குடுக்குறவன். கொஞ்ச நாளா சோத்துல கை வெக்காம மோட்டுவளையைப் பாத்துக்கினு உக்காந்திருக்கியே, பொண்டாட்டி கோச்சிக்கினு பூந்தமல்லிக்கே போயிட்டாளோன்னு நான் பயந்துட்டேன். கடைசியில பாத்தா, பட்டறை கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போடறதா, லினக்ஸ் போடறதான்னு கவலையாம். கேட்டதுதான் கேட்டே, படிச்சவன் யாரையாச்சும் கேட்டிருக்கக் கூடாதா? போயும் போயும் கண்ணுல புரை எடுத்த கெழவனைக் கேக்குறே. சரி, கேட்டுட்டே. பதில் சொல்லாம வுட்டா எனக்குத் தூக்கம் வராது.

இந்தக் கூத்து எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு எனக்கும் தெரியும்டா. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்காரன் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட பெரிய கும்பிடா போட்டுட்டான். அன்னிக்கு ராத்திரி பெட்டி ஒண்ணும் அணைஞ்சு போகல, இன்னைக்கும் ஓடுது. தவணை நீட்டி வாங்காதவனுக்கு, புதுசா ஓட்டை தெரிஞ்சா அடைக்க ஆள் வரமாட்டான், அவ்ளோதான். பதினொண்ணுக்குப் போகலாம்னு பாத்தா அது டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்புச் சில்லு கேக்குது. இன்டெல் சில்லு எட்டாவது தலைமுறைக்குக் கீழ இருந்தா உள்ளேயே வுடமாட்டேங்குது. நம்ம குடும்பத்துலயே எட்டாவது தலைமுறை எவன்னு எவனுக்கும் தெரியாது, சில்லுக்கு மட்டும் வம்சாவளி கேக்குறான். உன்கிட்ட இருக்கிற பெட்டியில ஒண்ணுதான் தேறுது. அதான் உனக்கு சோறு இறங்கல.

உனக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? உன் மாமன் ஆப்பிள் வாங்கச் சொன்னானாம். சொல்லுவான், துட்டு அவனுதா? மேக் நல்ல பெட்டிதான், நாலு வருஷம் கழிச்சும் புதுசாட்டம் ஓடும். ஆனா கணக்கு எழுதுற டேலியும் அதுல நேரா ஓடாது, நீ வரைபடம் போடுற சாலிட்வொர்க்ஸும் ஓடாது. அப்புறம் அதை வெச்சிக்கினு இன்னா பண்ணுவே, ஊதுவத்தி கொளுத்தி வெப்பியா? கம்ப்யூட்டர் கடைக்காரன் ஒருத்தன் ஆயிரம் ரூபாய்க்கு 'லைஃப்டைம் ஒரிஜினல் கீ' தரேன்றானாம். யாரோட லைஃப்னு கேட்டியா? மூணாவது ஆளு உன் சிநேகிதன். பட்டாபிராம் டைடல் பார்க்குல வேலை பாக்குறான் பாரு, அவன். 2024 நவம்பர்ல தொறந்தாங்களே, இருபத்தோரு மாடி. அந்தப் பக்கம் நாத்து நட்ட காலத்துல அண்ணாந்து பாத்தா கொக்குதான் தெரியும், இப்போ ஏசி மெஷின் தெரியுது. அவன் சொல்றான், "லினக்ஸ் போடுடா மச்சி, விழவே விழாது, வைரஸே வராது"ன்னு. அந்தப் பையன் சொல்றதுல பாதி நெசம். மீதிப் பாதிக்குத்தான் நான் இவ்ளோ நேரம் வாய் வலிக்கப் பேசப்போறேன்.

எது சுலபம்னு கேக்குறே. யாருக்குடா சுலபம்? உன் பட்டறையில கணக்கு எழுதுற பொண்ணு, தெனம் திருநின்றவூர்லேர்ந்து யூனிட்டு வண்டி புடிச்சு வருதே, அது வேலை செய்யறப்போ என்னைக்காச்சும் பக்கத்துல நின்னு பாத்திருக்கியா? போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கினு பார்ட்டிகிட்ட பேசும். கண்ணு சலான் மேல இருக்கும். விரல் தன்னால எஃப்8 தட்டும், பேரு, எண்ணிக்கை, ரேட்டு போட்டு கன்ட்ரோல் ஏ அமுக்கும். ஸ்கிரீனை அது பாக்கவே பாக்காது. மூலையில டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கர்ருபுர்ருன்னு கத்தி, கார்பன் வெச்ச மூணு காப்பி துப்பும். வெள்ளை பார்ட்டிக்கு, ரோஸ் வண்டிக்காரனுக்கு, மஞ்ச நம்ம ஃபைலுக்கு. எஃப்5 பணம் குடுத்தது, எஃப்6 பணம் வந்தது, எஃப்9 சரக்கு வாங்கினது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் விரல் சொல்லும்.

அந்தப் பொண்ணுகிட்ட போய், "நாளையிலேர்ந்து லினக்ஸ்மா, உலகத்துலயே உறுதியானது"ன்னு சொல்லிப் பாரு. டேலிக்காரன் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குன்னு தனியா எதுவும் பண்ணித் தரல. உன் சிநேகிதன் "வைன் போட்டா ஓடும்"ன்றான். வைன் போட்டு ஓடுனவனை நான் பாத்ததில்ல, உருண்டவனைத்தான் பாத்திருக்கேன். கேலியை வுடு, வைனுன்னு ஒரு மென்பொருள் நெசமாவே இருக்குது, விண்டோஸுக்குப் பண்ணதை லினக்ஸ்ல ஓட்டிக் காட்டும். சிலது நல்லாவே ஓடும். ஆனா டேலியில அடுத்த அப்டேட் வந்த அன்னைக்கு ஓடுமா? அந்த பிரின்டர்ல மூணாவது காப்பி வரைக்கும் வரி மாறாம விழுமா? விழலைன்னா யாரைக் கூப்புடுவே? டைடல் பார்க்குக்காரன் ராத்திரி ஷிஃப்ட்டு முடிச்சு தூங்கிக்கினு இருப்பான்.

அதுக்காக லினக்ஸ் கஷ்டம்னு நான் சொன்னதா ஊர்ல சொல்லிக்கினு திரியாதே. வீட்டுல உங்க ஆயா கையில இருக்கிற பழைய பெட்டியில லினக்ஸ் மின்ட் போட்டது யாரு? நீதான். கெழவி இன்னைக்கு வரைக்கும் வித்தியாசம் ஒண்ணும் சொல்லல. யூடியூப் வருது, பேரப்புள்ளைங்க படம் வருது, மெனு தமிழ்ல இருக்குது. அவளுக்கு வேண்டியது பிரவுசர் ஒண்ணுதான். ஒண்ணும் தெரியாதவளுக்கு லினக்ஸ் சுலபம். எல்லாம் தெரிஞ்ச டைடல் பார்க்குக்காரனுக்கும் சுலபம். நடுவுல நிக்கிற உன்னை மாதிரி அரைகுறைக்குத்தான் பேஜாரு. மொறைக்காதே, நானும் உன் கூடத்தான் நிக்கிறேன்.

நான் ஆவடி டேங்க் ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவன்றது உனக்குத் தெரியும். அங்க கத்துக்கினதைத்தான் உனக்குச் சொல்றேன். அர்ஜுன் டேங்கு நம்ம ஊர்லயே, சி.வி.ஆர்.டி.ஈ.-ல வரைஞ்சது. 1974-ல அனுமதி குடுத்து, பட்டாளத்துல போய்ச் சேர 2004 ஆயிடுச்சு. குறி தப்பாது, உள்ள உக்காரவும் வசதி. எடை மட்டும் அறுபது டன்னுகிட்ட. ரஷ்யாக்காரன் வரைஞ்சு நாம ஆவடியிலயே செஞ்ச டி-72 இருக்குதே, அது நாப்பத்தோரு டன்னுதான். உள்ள காலு நீட்ட முடியாது. பட்டாளத்துக்காரன் எதை ஆயிரக்கணக்குல வெச்சிருக்கான்? டி-72-ஐத்தான். பாலம் தாங்கணும், ரயிலு வேகன்ல ஏறணும், பார்டர்ல நட்டு கழண்டா அங்கயே நட்டு கெடைக்கணும், ஓட்டத் தெரிஞ்சவன் ரெஜிமென்ட்டு ரெஜிமென்ட்டா இருக்கணும். அர்ஜுன் மட்டம்னு யாரும் சொல்லல. சண்டைக்குப் போறது வண்டி மட்டும் இல்ல, அதோட பாலமும் வேகனும் மெக்கானிக்கும் சேர்ந்து போகுது. கம்ப்யூட்டர்ல அந்த நட்டுதான் டேலி, பிரின்டர் டிரைவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம். நீ என்னடான்னா பீரங்கிக் குழாயை மட்டும் தடவித் தடவிப் பாத்துக்கினு இருக்கே.

இனி உறுதியைப் பத்திப் பேசுவோம். விண்டோஸ் எப்போ காலை வாரும்? மாசம் இருபதாந்தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி போடக் கடைசி நாள், சாயங்காலம் அஞ்சரைக்கு. நீல ஸ்கிரீன்ல ஒரு வட்டம் சுத்தும், "முப்பது சதவீதம் முடிஞ்சுது, அணைச்சிடாதீங்க"ன்னு கெஞ்சும். அப்போ நீ மைக்ரோசாஃப்ட்காரன் பரம்பரையையே திட்டுவே. அதே பெட்டியில செட்டிங்ஸ்ல 'ஆக்டிவ் ஹவர்ஸ்'னு ஒண்ணு இருக்குது, பட்டறை நேரத்துல ரீஸ்டார்ட் ஆகாதபடி வெக்கலாம். அப்டேட்டை அஞ்சு வாரம் வரைக்கும் தள்ளியும் போடலாம். நீ வெச்சியா? வெக்கல. திட்டறது சுலபமாச்சே.

லினக்ஸ் விழவே விழாதுன்னான் பாரு, அதுக்கு வரேன். 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் பூரா எண்பத்தஞ்சு லட்சம் விண்டோஸ் பெட்டி ஒரே நாள்ல நீலமாப் போய் நின்னுச்சு. ஏர்போர்ட்ல போர்டிங் பாஸை பேனாவால எழுதிக் குடுத்தான். உன் சிநேகிதன் அன்னைக்கு ஸ்வீட் வாங்கிக் குடுத்திருப்பான். ஆனா குத்தம் விண்டோஸோடது இல்ல, அதுமேல கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு காவக்கார மென்பொருள் போட்டிருந்தாங்க, அவன் அனுப்பின அப்டேட் ஒண்ணு சொதப்பிடுச்சு. அம்பத்தூர் பட்டறையில ஒரு பெட்டியும் விழல. அவ்ளோ துட்டு குடுத்து காவக்காரன் வெக்கற வசதி நம்மகிட்ட இல்ல, பொழைச்சோம். அதே வருஷம் மார்ச்ல லினக்ஸ்லயும் ஒரு கூத்து. எக்ஸ்-இஸட்னு சின்ன உதவி மென்பொருள், அதைப் பாத்துக்கினது ஒத்தை ஆள்தான். அவன்கிட்ட ரெண்டு மூணு வருஷமா நல்லவனாட்டம் வேலை செஞ்சு, நம்பிக்கை சம்பாதிச்சு, கொல்லைக் கதவு ஒண்ணைச் செருகிட்டான் ஒருத்தன். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டுன்னு ஒரு இன்ஜினியர், தன் மெஷின்ல உள்ள நுழைய அரை செகண்டு லேட்டாகுதேன்னு நோண்டிப் பாத்துக் கண்டுபிடிச்சான். அவன் எங்க வேலை பாக்குறவன் தெரியுமா? மைக்ரோசாஃப்ட்ல! லினக்ஸைக் காப்பாத்தினது மைக்ரோசாஃப்ட் சம்பளக்காரன்னு உன் சிநேகிதன்கிட்ட சொல்லு, மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு.

நம்ம ஊரு இந்த ஆட்டத்துக்குப் புதுசு இல்ல. சென்னை சி-டாக்ல 2007-லயே பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு வெளியிட்டாங்க, டெபியனை அடியில வெச்சு, தமிழு மத்த இந்திய பாஷையெல்லாம் சேத்து. அதே காலத்துல தமிழ்நாடு அரசோட எல்காட்டுக்கு எம்.டி.யா இருந்தாரு உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அவரு சொந்த ஆபீஸ்லயே சூசே லினக்ஸைக் கொண்டாந்து உக்கார வெச்சாரு. அப்புறம் 2011 செப்டம்பர் 15-ல முதலமைச்சர் ஜெயலலிதா அம்மா லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சாங்களே, நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான் தொடக்க விழா. அந்த லேப்டாப்புல விண்டோஸும் இருந்துச்சு, பாஸும் இருந்துச்சு. பவர் அமுக்கினா எது வேணும்னு கேக்கும். நம்ம தெருவுல எத்தனை புள்ளைங்க பாஸ் பக்கம் போச்சு? உங்க அத்தை பொண்ணு போச்சா? ஒரு தடவை தெரியாம அமுக்கிட்டு, லேப்டாப் கெட்டுப்போச்சுன்னு அழுதுச்சு. பாஸ் மேல குத்தம் இல்லடா. சொல்லிக் குடுக்க ஒருத்தன் பக்கத்துல இல்ல. பிரவுசிங் சென்டர்க்காரன், ப்ராஜெக்ட் டைப் அடிக்கிறவன், காலேஜ் லேபு, எல்லாமே விண்டோஸ்.

கேரளாக்காரன் அந்த இடத்துலதான் கெட்டி. ஐ.டி. அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சு, இப்போ கைட்டுன்னு பேரு, அரசுப் பள்ளிக்கூடத்துல லினக்ஸ்லயே பாடம் நடத்துறான். மொதல்ல வாத்தியாருங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் புள்ளைங்க கையில குடுத்தான். ஜெர்மனியில மியூனிக் ஊரு கார்ப்பரேஷன் 2003-ல லினக்ஸ்தான்னு தீர்மானம் போட்டு, பதினஞ்சாயிரம் பெட்டியை மாத்தி, 2017-ல திரும்ப விண்டோஸுக்கே போறதா இன்னொரு தீர்மானம் போட்டான். நடுவுல மேயர் மாறினாரு, ஃபைல் வெளியாளுக்கு அனுப்பினா அச்சு குலையுதுன்னு முனகல். நம்ம டிஃபென்ஸ் மினிஸ்ட்ரி 2023-ல உபுன்டுவை வெச்சு மாயான்னு சொந்தமா ஒண்ணு போட ஆரம்பிச்சுது. அவனுக்கு வேவுக்காரன் பயம், அதுக்காகத் துட்டும் ஆளும் வெச்சிருக்கான். உன்னை எவன்டா வேவு பாக்குறான்? நட்டு போல்ட்டு ரேட்டு தெரிஞ்சுக்க பக்கத்து ஷெட்டுக்காரன் டீக்கடையில நின்னாலே போதும், நீயே உளறிடுவே.

இப்போ சி.என்.சி. மெஷின் பக்கத்துல எண்ணெயும் தூசியுமா ஒரு பெட்டி நிக்குதே, விண்டோஸ் எக்ஸ்பி, ஆர்.எஸ்.232 கேபிள்ல புரோகிராம் அனுப்புறது. அதுக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-லயே திவசம் பண்ணிட்டான். உன் சிநேகிதன் அதைப் பாத்துட்டு நெஞ்சைப் புடிச்சிக்கினான்னு சொன்னே. அது மேல கை வெக்காதே. அதுக்கு வேலை ஒண்ணே ஒண்ணு, அதைத் தப்பில்லாம செய்யுது. மாத்தினா மெஷின்காரன் குடுத்த பழைய மென்பொருள் புதுசுல ஏறாது. ஆனா அதுல சொருகி வெச்சிருக்கியே இன்டர்நெட் ஒயரு, அதை இன்னைக்கே புடுங்கு. ஆபரேட்டர் பையன் அதுல படம் பாக்குறான்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். 2017 மே மாசம் வன்னாக்ரை வைரஸ் வந்தப்போ ஒரகடத்துல ரெனோ-நிசான் கார் ஃபேக்டரியையே போய்த் தட்டுச்சு. அவ்ளோ பெரிய இடத்துக்கே அந்தக் கதி, உன் ஷெட்டுக்குப் பூட்டாவது ஒழுங்கா இருக்குதா? பென்டிரைவ்ல புரோகிராம் கொண்டு போனாலும், அதுக்குன்னே ஒண்ணைத் தனியா வெச்சிக்கோ. கல்யாண வீடியோ வாங்கிட்டு வந்ததைச் சொருகாதே.

ஆகவே என் தீர்ப்பு, பஞ்சாயத்துல சொம்பு இல்லாததால வெறுங்கையோட சொல்றேன். கணக்குப் பொண்ணு பெட்டிதான் எட்டாவது தலைமுறைக்கு மேல, அதுல விண்டோஸ் 11 போடு. சரியான லைசன்ஸ் வாங்கு, அந்த ஆயிரம் ரூபா கீக்காரன் கடைப் பக்கமே போகாதே. வரைபடம் போடுற பெட்டி பழசு. அதுக்கு ரூஃபஸ்னு ஒரு மென்பொருள் போட்டு மைக்ரோசாஃப்ட்டை ஏமாத்தி 11 ஏத்தலாம்னு யூடியூப்ல ஒருத்தன் சொல்றான். ஏறும்தான். அப்டேட்டு வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்ட்டே எழுதி வெச்சிருக்கான். சாலிட்வொர்க்ஸ் உனக்குச் சோறு போடுறது. அதுக்குப் புதுப் பெட்டி வாங்கு, கருமித்தனம் பண்ணாதே. கழிச்ச அந்தப் பழைய பெட்டியை லினக்ஸ் மின்ட் போட்டு ஸ்டோர் ரூம்ல வை. இ-வே பில், மெயிலு, ஜிஎஸ்டி போர்ட்டல் பாக்கறது, எல்லாம் பிரவுசர்ல நடக்கிற வேலை, அதுக்கு விண்டோஸுக்குத் துட்டு அழ வேணாம். போடறதுக்கு முன்னாடி பென்டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பாரு. உள்ள ஒண்ணும் எழுதாம அப்படியே ஓடும். பிரின்டர் பேசுதா, வைஃபை புடிக்குதா, டோக்கனுக்கு டிரைவர் இருக்குதான்னு பாத்துக்கோ. டைம்ஷிஃப்ட்டுன்னு ஒண்ணு அதுலயே இருக்கும், ஏதாவது சொதப்பினா போன வாரம் இருந்த நெலமைக்குத் திருப்பிடலாம். டைடல் பார்க்குக்காரனை ஒரு ஞாயித்துக்கிழமை பிரியாணிக்குக் கூப்புடு, அவனே போட்டுக் குடுப்பான். லினக்ஸ்காரனுக்குக் கூலி வேணாம், காது குடுத்தா போதும்.

இன்னொண்ணு மறந்துட்டே. மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர். எஸ்டேட்ல முட்டியளவு தண்ணி நின்னுச்சே, எத்தனை ஷெட்டுல மோட்டாரும் கம்ப்யூட்டரும் முங்கிப் போச்சு. அன்னைக்கு விண்டோஸ் நீச்சல் அடிச்சுதா, லினக்ஸ் அடிச்சுதா? ரெண்டும் முங்குச்சு. அவ்ளோ நாள் எழுதின கணக்கைப் பேக்கப் எடுத்து வீட்டுல வெச்சவன் அடுத்த வாரமே பில்லு போட்டான். மத்தவன் பழைய மஞ்சக் காப்பியைத் தேடிக்கினு வெயில்ல காய வெச்சான். நீ எந்தப் பக்கம்னு நான் கேக்கல, எனக்குத் தெரியும்.

வீட்டுல உபயோகிக்கிற விண்டோஸ் 10 பெட்டிக்கு, ஓட்டை அடைக்க மைக்ரோசாஃப்ட் குடுத்த கடைசித் தவணை 2026 அக்டோபர் 13. கம்பெனிக்காரன்னா துட்டு கட்டி மூணு வருஷம் வரைக்கும் இழுக்கலாம், வருஷா வருஷம் ரேட்டு ஏறும். இந்தச் சனிக்கிழமை ரெண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கு. டேலி டேட்டாவையும் வரைபடத்தையும் ரெண்டுலயும் ஏத்து. ஒண்ணைப் பட்டறையில வை, இன்னொண்ணை என் கையில குடு, பீரோல வெச்சிப் பூட்டிக்கிறேன். ஓ.எஸ்.ஸை அதுக்கப்புறம் மாத்து.